யாழுக்குத் தங்கூசி கட்டுவது எப்படி

'யாழ் நூல்' என்ற புத்தகத்தை எழுதிய விபுலாநந்த அடிகள் பிறந்தது கிழக்கிலங்கையில் எங்கள் காரைதீவில். இந்த ஊர்ப் பிள்ளைகள் யாழைத் தொட்டுப் பார்க்காமல் வளரக் கூடாது என்பது என் பிடிவாதம். ஏழு நரம்புச் சிறு யாழ் செய்து கொடுக்கிறேன். பலாமரப் பத்தர் (ஒலிப்பெட்டி), மேலே ஆட்டுத்தோல். நரம்புக்குத்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். முறுக்கிய குடல் நரம்பைத் தேடி அலைய வேண்டாம், தூண்டிலில் கட்டும் நைலோன் இழையான தங்கூசி போதும். 1940களில் போர்க்காலத்தில் குடல் நரம்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது கிற்றார்க்காரர்களும் நைலோனுக்குத்தான் மாறினார்கள்.

கல்முனையில் மீன்பிடிச் சாமான் கடையில் கேட்டால், "என்ன மீனுக்கு புள்ள?" என்பார்கள். எத்தனை கிலோ தாங்கும் என்று சொல்லித் தருவார்கள். நமக்கு அது தேவையில்லை, தடிப்புத்தான் வேண்டும். ரோலில் ஒட்டியிருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். பென்சிலில் பத்துச் சுற்று நெருக்கமாகச் சுற்றி, அகலத்தை அளந்து பத்தால் வகுங்கள். 8 மில்லிமீற்றர் வந்தால் தங்கூசி 0.8. பின்னிய நூல் வேண்டவே வேண்டாம். அது கணீரென்று ஒலிக்காது, விரலையும் வெட்டும்.

எந்தத் தடிப்பு? நரம்பு 45 சென்ரிமீற்றர் நீளம், சுருதி 220 ஹேர்ட்ஸ் என்றால், 0.8 நைலோனில் இழுவிசை சுமார் 2.3 கிலோ. சிறு யாழுக்கு இதுதான் அளவான இழுப்பு. அதே இடத்தில் 0.9 போட்டால் 2.9 கிலோ ஆகிவிடும், 0.7 போட்டால் 1.75க்கு இறங்கும். ஏழு நரம்பும் 2.3 கிலோவில் நின்றாலே தோலும் கோடும் (நரம்பின் மேல்முனையைத் தாங்கும் தண்டு) 16 கிலோ சுமக்கின்றன. அதனால் தடிப்பைக் கூட்டிச் சத்தத்தைக் கூட்டலாம் என்று நினைக்காதீர்கள். மெல்லியதாகப் போட்டால் சுருதியை இன்னும் ஏற்றலாம் என்பதும் சரியல்ல. இழுவிசை குறைகிற அதே அளவுக்குத் தாங்கும் வலுவும் குறைந்துவிடும். உயர்ந்த சுருதி வேண்டுமானால் நீளத்தைத்தான் குறைக்க வேண்டும்.

தாழ்ந்த சுரங்களுக்குத் தடித்த நைலோன் மந்தமாகத்தான் ஒலிக்கும். அங்கே புளோரோகார்பன் தங்கூசி கிடைத்தால் எடுங்கள். அடர்த்தி கூட, அதனால் நைலோனின் தடிப்பில் ஐந்தில் நாலு பங்கு போதும். 1.0 நைலோனுக்குப் பதில் 0.8. ஒலி தெளிவாக வரும், மாரி ஈரத்தையும் அது குடிக்காது.

நரம்புக்குக் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என்று நாலு குற்றம் சொல்லி வைத்தார்கள் பழையவர்கள். தங்கூசியில் மயிரும் தும்பும் இல்லை. ஆனால் ரோலில் கிடந்த சுருளும், சில இடங்களில் தடிப்பு மாறுவதும் உண்டு. சுருளை எடுக்க, வெட்டிய துண்டை ஆணியில் கட்டி, கீழே ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலை இரவு முழுக்கத் தொங்க விடுங்கள். அப்புறம் இரண்டு முனையையும் இரு கையால் இறுக்கிப் பிடித்து, பெருவிரலால் நடுவில் சுண்டி, வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். இரண்டு ஓரக்கோடு தெளிவாக விரிந்து, நடுவில் மெல்லிய புகை மாதிரித் தெரிந்தால் நல்ல நரம்பு. மூன்றாவது கோடொன்று உள்ளே நெளிந்தால் அந்தத் துண்டு எந்தச் சுரத்திலும் நிற்காது. கொஞ்சம் தள்ளி வேறு துண்டு வெட்டுங்கள். இந்தச் சோதனையை மட்டும் யாரும் தவிர்க்கக் கூடாது.

கட்டும்போது வழுக்கும். பத்தர்ப் பக்கம் எட்டு வடிவ முடிச்சுப் போட்டு, துளைக்குப் பின்னால் ஒரு தீக்குச்சித் துண்டைக் கோத்து நிறுத்துங்கள். கோட்டுப் பக்கம் திவவிலோ (தண்டைச் சுற்றிய வார்க்கட்டு) முறுக்காணியிலோ சுற்றப் போகிற வால் பகுதியை மட்டும் மெல்லிய அரத்தாளால் ஒரு தரம் தேயுங்கள். சுண்டுகிற பகுதியைத் தேய்த்தால் தடிப்பு மாறிவிடும்.

முதல் சில நாள் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். நடுவில் பிடித்து மெதுவாக இழுத்துவிட்டுத் திரும்ப ஏற்றுங்கள். நரம்பு படிந்த பிறகும் மாரியில் இறங்கினால் தோலையும் கவனியுங்கள். ஆட்டுத்தோல் ஈரத்தில் தளரும், கச்சான் என்கிற வறண்ட மேல்காற்றில் விறைக்கும். மாரியில் ஏற்றி வைத்த யாழைக் கச்சான் தொடங்கும்போது ஒரு சுரம் இறக்கி வையுங்கள்.