விக்டரி ரிவால்வரின் பாகங்கள் அசலா? வழக்கமாக நடக்கும் தவறுகள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்து ரிவால்வர்களில் சேகரிப்பவர்கள் கைக்கு அதிகம் வருவனவற்றில் ஒன்று ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் விக்டரி மாடல். 1942 முதல் 1945 வரை லட்சக்கணக்கில் செய்யப்பட்டது. பிரிட்டனுக்கும் காமன்வெல்த் நாடுகளுக்கும் போனவற்றில் பெரும்பாலும் 5 அங்குலக் குழல், .38/200 தோட்டா. அமெரிக்கக் கடற்படைக்குப் போனவற்றில் 4 அங்குலக் குழல், .38 ஸ்பெஷல் தோட்டா. போர் முடிந்ததும் மலிவாகக் கிடைத்ததால், வாங்கியவர்கள் இஷ்டத்துக்கு வெட்டினார்கள், பாலிஷ் போட்டார்கள், பாகங்களை மாற்றினார்கள். அதனால்தான் இன்று "எல்லாமே ஒரிஜினல்" என்று யாராவது சொன்னால் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. கையில் வாங்கியதும் சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலி என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

பலரும் கைப்பிடியின் அடியில் உள்ள சீரியல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். அது பிரேமின், அதாவது மற்ற பாகங்களைத் தாங்கும் உடற்சட்டத்தின் எண், அவ்வளவுதான். பிரேமோடு மற்ற பாகங்கள் ஒன்றாகத் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பினவா என்பதை அது சொல்லாது. அதே எண் இன்னும் நான்கு இடங்களில் இருக்க வேண்டும்: சிலிண்டரின் பின்முகத்தில், குழலின் அடிப்பக்கத்தில், காலித் தோட்டாக்களை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் பின்புறத்தில், வலது பக்கக் கைப்பிடிப் பலகையின் உட்புறத்தில். குழலின் எண், தள்ளுகம்பிக்கு மேலே மறைவாக இருக்கும். சிலிண்டரைத் திறந்து வைத்து, டார்ச்சைச் சாய்த்து அடித்தால்தான் தெரியும். அவசரத்தில் விட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடம்தான். வெட்டுப்பட்டதும் மாற்றப்பட்டதும் குழல்தான் என்பதால், விடக்கூடாத இடமும் இதுவே.

கைப்பிடிப் பலகையைக் கழற்றும்போது ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள். எண்பது வருட வால்நட் மரம், ஓரம் சட்டென்று சிதறிவிடும். ஸ்க்ரூவைச் சில சுற்று தளர்த்திவிட்டு அதன் தலையை மெதுவாக அழுத்தினால் எதிர்ப்பக்கப் பலகை தானாகக் கழன்று வரும். விக்டரியின் பலகைகள் வழவழப்பானவை. கட்டம் போட்ட செதுக்கலும் உலோகப் பதக்கமும் இருந்தால் அவை வேறு காலத்துப் பலகைகள். உள்ளே எண் சரியாக இருந்து, மரம் மட்டும் எஃகு விளிம்பை விடத் தாழ்ந்திருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அதனால் நல்ல ரிவால்வர்கள் நிராகரிக்கப்படுவதுதான் எனக்கு அதிக வருத்தம். சிலிண்டரைத் திறந்தால், அதைத் தாங்கி வெளியே திரும்பும் கையிலும், அந்தக் கை வந்து பொருந்தும் பிரேமின் பள்ளத்திலும் ஒரு எண் தெரியும். அது கைப்பிடி அடியில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகாது. உடனே "பிரேம் ஒன்று, பாகம் ஒன்று" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பிற்கால ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்களில் அந்த இடத்தில் சீரியல் எண்ணைப் பார்த்துப் பழகியதால் வரும் குழப்பம் இது. விக்டரியில் அது தொழிற்சாலையில் பாகங்களைக் கோக்கும்போது ஒன்றுக்கொன்று மாறிப்போகாமல் இருக்க அடித்த எண். கையிலும் பிரேமிலும் உள் இயக்கத்தை மூடும் பக்கத் தகட்டின் உட்புறத்திலும் அது ஒன்றாக இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஒன்றாக இருந்தால், அவை சேர்ந்தே பிறந்தவை என்பதற்கு அதுவே நல்ல சாட்சி. பக்கத் தகட்டைத் திறக்கப் பழக்கம் இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள். நெம்பித் திறந்த தகட்டின் ஓரம் பிறகு ஒருநாளும் சரியாகப் பொருந்தாது.

சீரியல் எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்தும் இப்படித்தான் குழப்பும். 10 லட்சத்தை எட்டியதும் எண்கள் 'வி' எழுத்தோடு புதிதாகத் தொடங்கின. கீழே விழுந்த ஒரு ரிவால்வர் வெடித்துக் கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். அதன் பிறகு ஹேமரை, அதாவது தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் சுத்தியலைத் தடுக்கும் பாகம் மாற்றி அமைக்கப்பட்டு, 'எஸ்.வி' என்று எண்கள் வந்தன. ஏற்கெனவே படையிடம் இருந்த சிலவற்றிலும் புதிய பாகம் பொருத்தப்பட்டு 'எஸ்' தனியாக அடிக்கப்பட்டது. அது கொஞ்சம் ஒட்டாமல் இருப்பதைப் பார்த்துப் போலி என்று சொல்லிவிடக் கூடாது.

அடுத்தது பூச்சு. போர்க்காலப் பூச்சு மங்கலான சாம்பல் கறுப்பு. அடியில் இயந்திரம் கடைந்த கோடுகள்கூடத் தெரியும். கண்ணாடி போல நீலமாக மின்னும் விக்டரியைப் பார்த்து "என்ன அருமையாக வைத்திருக்கிறார்கள்" என்று கூடுதல் காசு கொடுப்பவர்கள் பலர். அந்த மின்னல் பின்னால் வந்தது. லென்ஸ் வைத்துப் பாருங்கள்: எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கும், ஸ்க்ரூ துளைகளின் வாய் புனல் மாதிரி அகன்றிருக்கும். மங்கலாகவே மறுபூச்சு கொடுத்திருந்தால் கண்டுபிடிப்பது கடினம். அப்போது துருக்குழிகளைத் தேடுங்கள். குழிக்குள்ளும் பூச்சு ஒரே சீராக இறங்கியிருந்தால், முதலில் துரு, அப்புறம்தான் பூச்சு. ஹேமரும் டிரிகரும் மட்டும் வேறு நிறமாக, திட்டுத் திட்டாக இருந்தால் பயப்பட வேண்டாம். அவற்றைக் கடினமாக்கிய முறையால் வந்த நிறம் அது.

குழலின் நீளத்தை அளக்கும்போது சிலிண்டரையும் சேர்த்து அளந்துவிடாதீர்கள். சிலிண்டரின் முன்முகத்தை ஒட்டிய முனையிலிருந்து வாய் வரைதான் குழல். வெட்டிய குழலில் முன் குறிமுள்ளைத் திரும்ப ஒட்ட வேண்டியிருக்கும். அசலில் அது குழலோடு ஒரே துண்டாக அடித்துச் செய்தது, கீழே இணைப்புக் கோடு இருக்காது. பிரிட்டனுக்குப் போனவற்றில் பலவற்றின் சேம்பரை, அதாவது தோட்டா உட்காரும் அறையை, .38 ஸ்பெஷலுக்காகக் கடைந்தும் விட்டார்கள். சேம்பருக்குள் வெளிச்சம் அடித்தால் ஒரு படிக்குப் பதில் இரண்டு படிகள் தெரியும். .38/200 தோட்டா குட்டையானது, பருமனானது. ஸ்பெஷல் நீளமானது, மெல்லியது. அதனால் அந்தச் சேம்பரில் சுட்ட ஸ்பெஷல் கூடு அடியில் புடைக்கும், சில சமயம் பிளக்கும். சேகரிப்பு மதிப்பை விடுங்கள், சுடுபவர் கவலைப்பட வேண்டிய விஷயம் இது.

குழலிலும் சிலிண்டரிலும் கிரீடம் வைத்த பிரிட்டிஷ் சோதனை முத்திரைகள் இருந்தால் அதைக் குறையாக நினைக்காதீர்கள். படையிலிருந்து கழிக்கப்பட்டு வணிகத்துக்கு வந்தபோது அங்கே அடித்தவை அவை. ஆஸ்திரேலியாவில் முழுப் பழுது பார்க்கப்பட்டவற்றில் எஃப்.டி.ஆர். என்ற குறி இருக்கும். படையே பாகத்தை மாற்றியிருந்தால் எண் பொருந்தாது, ஆனாலும் அது அந்த ரிவால்வரின் உண்மையான சரித்திரம். என் கணக்கில், நேற்று யாரோ எண் பொருத்தி அடித்த "அசலை" விட அது மேல். பிரிட்டிஷ் படையின் என்ஃபீல்டு நம்பர் 2 ரிவால்வரிலும் இதே கதைதான்: கட்டைவிரலால் இழுக்கும் முள் இல்லாத ஹேமரைப் பார்த்து யாரோ அறுத்துவிட்டார்கள் என்பார்கள். 1938 முதல் அந்த வடிவமே அதிகாரபூர்வமானது. முள்ளோடு இருந்த பழையவையும் படையிலேயே அப்படி மாற்றப்பட்டன.

கட்டணம் கட்டினால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளை, சீரியல் எண்ணை வைத்து எப்போது, எங்கே அனுப்பப்பட்டது என்று கடிதம் தரும். அதை "அசல்" என்பதற்கான சான்றிதழாகக் காட்டி விற்கிறார்கள். கடிதம் எழுதியவர் உங்கள் ரிவால்வரைக் கண்ணால் பார்த்ததே இல்லை. கிளம்பியபோது எப்படி இருந்தது என்று மட்டும்தான் அது சொல்லும். கடிதத்தில் 5 அங்குலம் என்று இருந்து உங்கள் அளவுகோல் 4 காட்டினால், விலையை அப்போது பேசுங்கள்.