பெட்டி இறங்கிய பிறகு: தாய் தகப்பனை இழந்த கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு

கொங்கு நாட்டில் இந்துக் குடும்பத்தில் ஒரு கேதம் விழுந்தால், அடுத்து என்ன என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. பால் தெளிப்பு, கருமாதி, பவானி கூடுதுறையிலோ பேரூரிலோ காரியம், அப்புறம் அமாவாசை, வருடத்துக்கு ஒரு திதி. கத்தோலிக்க வீடுகளிலும் ஏழாம் நாள், முப்பதாம் நாள் பூசை உண்டு. சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே வீடுகளில்தான் மூன்றாம் நாள் ஜெபம் முடிந்ததும் சாமியானாவோடு சேர்ந்து எல்லாமே கிளம்பிவிடுகிறது. நான்காம் நாள் காலையில் பிள்ளைகள் என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். துக்கம் பெரும்பாலும் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. அடக்கத்தைப் பற்றிக் கொஞ்சமும், அதற்குப் பிறகு வரும் ஒரு வருடத்தைப் பற்றி அதிகமாகவும் இங்கே சொல்கிறோம்.

அடக்கத்து நாள்

சொந்தக்காரர்களுக்கு நேரம் சொல்வதற்கு முன் சபை ஆயரிடம் (போதகரிடம்) பேசுங்கள். அவர் பொறுப்பில் இருக்கும் ஒரு சேகரத்தில் பல கிராமச் சபைகள் இருக்கும். அதே நாளில் அவருக்கு வேறு ஊரில் கல்யாணமோ அடக்கமோ இருக்கலாம். மூன்று மணி என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு ஐந்து மணிக்கு மாற்றினால், தாராபுரத்திலிருந்தும் சத்தியமங்கலத்திலிருந்தும் வந்தவர்கள் காத்துக் கிடப்பார்கள். அடுத்தது குழி. நம் பக்கத்து மேட்டு நிலத்தில் இரண்டு மூன்று அடிக்குக் கீழே சுக்கான் பாறை தட்டுவது சகஜம். ஐந்து, ஆறு அடி ஆழம் போக அரை நாள் பிடிக்கும். ஆகவே முதல் நாள் மாலையிலேயே ஆள் விட்டுவிடுவது நல்லது. குடும்பக் கல்லறையைத் திறப்பதானால் பழைய ரசீதும் சபை அலுவலக அனுமதியும் தேவைப்படும். சபைச் சந்தா பாக்கி இருந்தால் அந்த நேரத்தில் வாக்குவாதம் பண்ணாமல் கட்டிவிடுங்கள்.

வீட்டில் இறந்திருந்தால், பார்த்துவந்த மருத்துவரிடம் இறப்புக் காரணச் சான்றை அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம், ஒரு மாதம் தாண்டினால் அனுமதி, ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு என்று ஏறிக்கொண்டே போகும். நம் வீடுகளில் அடிக்கடி சறுக்குவது பெயர் விஷயம். ஞானஸ்நானப் பதிவில் மரியம்மாள், ஆதாரில் மாரியம்மாள், பத்திரத்தில் வேறொரு எழுத்து என்று இருக்கும். இறப்புச் சான்றிதழில் ஆதாரில் உள்ளபடியே பெயரும் தகப்பன் பெயரும் வரட்டும். சபையின் அடக்கப் பதிவேட்டிலும் அதே பெயரை எழுதச் சொல்லுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் வாரிசுச் சான்றிதழுக்கு நடையாய் நடக்க வேண்டிவரும்.

பெட்டியை மூடுவதற்கு முன் கால் மணி நேரமாவது பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் மட்டும் இருக்கும்படி கூட்டத்தை விலக்கச் சொல்லி ஆயரிடம் கேளுங்கள். மைக்கில் அவர் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அன்று முழுக்க வந்தவர்களை உபசரித்தே ஓய்ந்துபோன மூத்த மகனுக்குப் பல வீடுகளில் முகத்தைச் சரியாகப் பார்க்கக்கூட நேரம் கிடைப்பதில்லை. அந்தக் குறை பின்னால் ரொம்ப நாள் அரிக்கும். சின்னக் குழந்தைகளையும் பார்க்க விடுங்கள். தாத்தா இறந்துவிட்டார் என்றே சொல்லுங்கள். தூங்குகிறார் என்று சொன்னால் அன்று இரவு குழந்தை படுக்கவே பயப்படும்.

இந்து உறவினர்கள் வருவார்கள். மாமன் மச்சான் கோடித் துணி எடுத்துவருவார்கள். கோடி போர்த்துவதும் மாலை போடுவதும் மரியாதை. அதை மறுப்பது வீண் பகை. வாய்க்கரிசி, நெய்ப்பந்தம் போன்றவை வேண்டாமென்றால், பிணத்துக்கு முன்னால் நின்று தடுக்காமல், காலையிலேயே பெரியவர் ஒருவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும்: “மாமா, அப்பாவுக்கு எல்லாம் சபை முறையிலதானுங்க பண்றோம். கோடி நீங்க கொண்டாந்து போத்துங்க. வாய்க்கரிசி மட்டும் வேண்டாமுங்க. பெட்டி தூக்கறப்ப முன்னால நீங்கதான் நிக்கோணுமுங்க.” ஒன்றை மறுக்கும்போது ஒரு பொறுப்பையும் கையில் கொடுத்தால், அந்த மாமாவே மற்றவர்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வார்.

“அழாதே, சாட்சி கெட்டுப்போகும்”

அழுதால் விசுவாசத்துக்குச் சாட்சி கெட்டுப்போகும் என்று சொல்வதுதான் சபைக்காரர்கள் நல்ல எண்ணத்தோடு செய்யும் பெரிய கெடுதல். இறந்துபோன நண்பன் லாசருவைச் சில நிமிடங்களில் எழுப்பப் போவதைத் தெரிந்திருந்தும் இயேசு கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார் (யோவான் 11:35). “நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல” துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை. யாக்கோபுக்காக எகிப்தியர் எழுபது நாள் அழுதார்கள். அதற்குப் பிறகும் யோசேப்பு வழியில் தங்கி, தன் தகப்பனுக்காக இன்னும் ஏழு நாள் துக்கம் கொண்டாடினான். மோசேக்காக இஸ்ரவேலர் அழுதது முப்பது நாள்.

ஆபிரகாமின் மகன் ஈசாக்கின் கணக்கைப் பாருங்கள். தாய் சாராள் 90 வயதில் அவனைப் பெற்றாள், 127-இல் இறந்தாள். அப்போது அவனுக்கு 37. ரெபெக்காளை மணந்தபோது 40. அப்போதுதான் தாய்க்காகக் கொண்ட துக்கம் நீங்கி ஆறுதல் அடைந்தான் என்கிறது ஆதியாகமம் 24. இடையில் மூன்று வருடம். விசுவாசம் குறைந்தவன் என்று வேதம் அவனை எங்கேயும் குறை சொல்லவில்லை. அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு பாடகர் குழுவில் நின்று பாட வேண்டும் என்று உங்களை யாராவது கட்டாயப்படுத்தினால் இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

ஜெபம் வரவில்லை, வேதத்தைத் திறந்தால் எழுத்து ஓடுகிறது என்று பலர் சொல்வார்கள். புதிதாக ஜெபிக்க முயல வேண்டாம். முதல் மாதம் சங்கீதத்தைக் கடனாக வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் பத்துப் பதினைந்து நிமிடம், தனியாக, வாய்விட்டு வாசியுங்கள். 13-இல் தொடங்குங்கள், ஆறே வசனம்தான். “எதுவரைக்கும்” என்ற கேள்வி அதில் திரும்பத் திரும்ப வரும். பிறகு 42, 77, 130, 27. இவற்றின் நடை பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும்: கூப்பிடுவது, முறையிடுவது, கேட்பது, கடைசியில் நம்பிக்கையைச் சொல்வது. இரண்டாவது வாரம் ஒரு நோட்டை எடுத்து, அதே நடையில் உங்கள் வீட்டு விவரத்தோடு நாலு வரி எழுதுங்கள். ஆஸ்பத்திரியின் பெயர், அப்பாவின் கட்டில், கடைசியாகக் கேட்ட தண்ணீர் எதுவும் அதில் வரலாம். நம்பிக்கை வரி எழுத வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். வேகமாகப் புகழ்ச்சிக்குத் தாவினால் முறையீடு உள்ளேயே தங்கி, மூன்று மாதம் கழித்துக் கோபமாக வெளியே வரும். பெரும்பாலும் மனைவி மேலும் பிள்ளைகள் மேலும்தான்.

குற்ற உணர்வு

வென்டிலேட்டரை எடுக்கச் சொன்னது நான்தான், திருப்பூரிலிருந்து ஒரு நாள் முன்னால் வந்திருக்கலாம், இன்னும் ஊக்கமாய் ஜெபித்திருந்தால் பிழைத்திருப்பார். இந்த மூன்றில் ஒன்று எல்லா வீட்டிலும் உண்டு. கடைசி வகையைச் சிலர் பிரசங்க மேடையிலிருந்தே தூண்டிவிடுகிறார்கள். பவுல் எத்தனையோ பேரைக் குணமாக்கியவர், ஆனாலும் தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்ததாக அவரே எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). அது யாருடைய ஜெபக் குறைவு?

உண்மையிலேயே தவறு செய்திருந்தால் அது வேறு. நாலு வருடம் பேசாமல் இருந்தது, பணம் அனுப்பாமல் விட்டது போன்றவற்றை மழுப்பக்கூடாது. அப்பாவுக்கு எழுதுவதுபோல ஒரு கடிதம் எழுதி, அதை ஆயர் முன்னிலையிலோ நம்பிக்கையான மூப்பர் ஒருவர் முன்னிலையிலோ வாசித்து, தேவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். கத்தோலிக்கருக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. மனதுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டால் ராத்திரி மறுபடி கேட்கத் தோன்றும். இன்னொரு மனிதர் காதால் கேட்டு, 1 யோவான் 1:9-ஐ வாசித்துச் சொல்லும்போதுதான் அது முடிகிறது.

தாயோ தகப்பனோ இந்துவாக இருந்தால்

இந்தப் பக்கத்தில் முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்கள் நிறைய. மூத்த மகன் கொள்ளி வைக்க மாட்டான் என்றால் அது பங்காளிகளுக்குள் பெரிய பேச்சு. இதை இழவு வீட்டில் முடிவு செய்யாதீர்கள். பெற்றோர் நோயில் இருக்கும்போதே தம்பியிடமும் பெரியப்பாவிடமும் பேசி வையுங்கள்: “பெரியப்பா, கொள்ளி தம்பி வைக்கட்டுமுங்க. பாடை நான் தூக்கறேன், சுடுகாடு வரைக்கும் வர்றேன், செலவு என்னுது.” எதைச் செய்யலாம், எதை விடலாம் என்பதில் சபைக்குச் சபை வேறுபாடு உண்டு, ஆயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தச் சபையும் தடுக்காதவை ஏராளம்: குளிப்பாட்டுவது, தோள் கொடுப்பது, வந்தவர்களுக்குத் தண்ணீர் மொள்வது, அம்மா பக்கத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பது. அங்கே போகாமல் இருந்துவிடுவதுதான் பெரிய தப்பு. தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்ற கற்பனை ஞானஸ்நானத்தோடு காலாவதியாவதில்லை.

அப்பா இப்போது எங்கே இருக்கிறார் என்ற கேள்வி வரும். பதில் சொல்ல ஆள்கள் தயாராக இருப்பார்கள். கேட்டுக்கொள்ள வேண்டாம். “சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ” என்று ஆபிரகாம் கேட்டதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தீர்ப்பு தேவனுடையது.

ஒரு வருடத்துக்கான நாள்கள்

முப்பதாம் நாள் குடும்பம் மட்டும் கூடுங்கள். விருந்து வேண்டாம், வட்டிக்கு வாங்கி அசைவச் சாப்பாடு போடுவது அறவே வேண்டாம். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு விஷயம் சொல்லட்டும். அப்பாவின் கோபத்தையும் சொல்லலாம். புகழ்ந்து மட்டும் பேசினால், அடி வாங்கி வளர்ந்த பிள்ளை அந்தக் கூட்டத்தில் தனியாகிவிடும். கலப்புக் குடும்பமானால் ஒரு எச்சரிக்கை: கத்தோலிக்கர் இறந்தவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஜெபிப்பார்கள். சீர்திருத்தச் சபைக்காரர் அவர் வாழ்வுக்காக நன்றி சொல்லி, இருப்பவர்களுக்காக ஜெபிப்பார்கள். இரண்டும் நடக்கட்டும், விவாதத்தை அன்று தொடங்காதீர்கள்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். கத்தோலிக்கர் அல்லாதவர்களும் இங்கே பலர் அன்று கல்லறைக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டு போகிறார்கள். அதற்குள் கல்லறை கட்டியிருக்க வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம். புதுக் குழியின் மண் ஒரு ஐப்பசி கார்த்திகை மழை குடித்து இறங்கின பிறகே கட்ட வேண்டும். முன்னால் கட்டினால் பலகைக்கல் ஒரு பக்கம் இறங்கி நடுவில் விரியும். அதுவரை ஒரு மரச்சிலுவையும் பெயரும் போதும். கல்லில் வெட்டப்போகும் வசனத்தையும் தேதிகளையும் காகிதத்தில் எழுதி, பிழை பார்க்கத் தெரிந்த இருவரிடம் காட்டுங்கள்.

முதல் கிறிஸ்துமஸ்தான் கடினம். வீடு வீடாகப் பாடிவரும் கேரல் ரவுண்டு உங்கள் வீட்டுக்கு வர வேண்டுமா வேண்டாமா என்பதை நவம்பர் கடைசியிலேயே சபைச் செயலாளரிடம் சொல்லிவிடுங்கள். வராமல் விட்டால் ஒதுக்கிவிட்டார்கள் என்று தோன்றும், சொல்லாமல் வந்தால் கதவைத் திறக்க முடியாமல் போகும். பல வீடுகளில் அந்த வருடம் நட்சத்திரம் கட்டுவதில்லை. குழந்தைகள் இருக்கிற வீட்டில் ஒன்றே ஒன்று கட்டலாம் என்பது எங்கள் எண்ணம்.

அப்பாவின் சிம் கார்டை உடனே நிறுத்தாதீர்கள். வங்கி, ஆதார் ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் வரும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் வேறொருவருக்குப் போய்விடும். வாட்ஸ்அப் குரல் செய்திகளை முதல் மாதத்திலேயே வேறொரு இடத்தில் சேமியுங்கள். துணிமணியைப் பிரிப்பதற்கு அவசரமில்லை. அவர் கோடிட்டு வாசித்த வேதாகமம் யாருக்கு என்பதை மட்டும் முதலில் பேசிக்கொள்ளுங்கள், நகையைவிட அதற்குத்தான் மனக்கசப்பு வரும்.

மீதி இருக்கும் அம்மா

வளையல் உடைப்பதும் பொட்டை அழிப்பதும் கிறிஸ்தவ முறையில் கிடையாது. யாராவது ஆரம்பித்தால் மகள்தான் குறுக்கே நிற்க வேண்டும். அம்மாவை உடனே கோயமுத்தூர் ஃப்ளாட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள். மாடும், தோட்டமும், பக்கத்து வீட்டு அம்மிணியும், சபையில் அவள் உட்காரும் இடமும் ஒரே மாதத்தில் போனால் இரண்டு துக்கமாகிவிடும். ஆறு மாதம் பிள்ளைகள் மாறி மாறி வந்து தங்குங்கள், பிறகு அவளையே கேளுங்கள்.

சொத்துப் பேச்சை மூன்றாம் நாள் எடுக்கவும் வேண்டாம், மூன்று வருடம் தள்ளவும் வேண்டாம். உயில் இல்லாமல் தகப்பன் இறந்தால், 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவக் குடும்பத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு மகன் மகள் எல்லோருக்கும் சமமாக. “சீர் செஞ்சாச்சு, பொம்பளப் புள்ளைக்குப் பங்கு இல்லை” என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. நாற்பதாம் நாள் வாக்கில் எல்லோரும் இருக்கும்போது ஒரு தேதி குறித்து, அன்றைக்கு மட்டும் பேசுங்கள்.

ஆறு மாதம் கடந்தும் தூக்கமும் சாப்பாடும் திரும்பவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அப்பாகிட்டயே போயிடலாம் என்ற பேச்சு ஒரு தடவை வந்தாலும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம், அவரைத் தனியாக விடவும் வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். உபவாச ஜெபம் ஒரு பக்கம் நடக்கட்டும், மருத்துவரிடம் போவதை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.