சைடரில் புளிப்பைச் சரிசெய்ய

வீட்டில் சைடர், அதாவது ஆப்பிள் சாற்றை நொதிக்க வைத்துச் செய்யும் மது, போடுகிறவர்கள் சர்க்கரையை ஒழுங்காக அளப்பார்கள், புளிப்பை நாக்கிடம் விட்டுவிடுவார்கள். சாறு பிழிந்த அன்று நாக்கை நம்ப வேண்டாம். அதிலிருக்கும் இனிப்பு புளிப்பை மறைத்துவிடும், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று முடித்த பிறகுதான் உண்மை தெரியும்.

ஆனால் பிஎச்சை (அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) முதல் நாளே பார்த்தாக வேண்டும். அது ருசிக்காக இல்லை, சாறு கெடாமல் இருக்க. 3.2 முதல் 3.8 வரை என்றால் நிம்மதி. அதைத் தாண்டினால் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம், கிருமிகளை அடக்க நாம் போடும் கேம்ப்டன் மாத்திரையும் (சல்பைட்) சரியாக வேலை செய்யாது. இங்கிலாந்தின் சோமர்செட் பக்கம் சைடருக்கென்றே வளர்க்கும் டாபினெட் போன்ற ஆப்பிளை மட்டும் பிழிந்தால் 4-ஐக்கூடத் தாண்டிவிடும். கடையில் கிடைக்கும் காலா, ஃபூஜியிலும் புளிப்பு குறைவுதான்.

இதற்கு நல்ல மருந்து இன்னொரு ஆப்பிள். பிராம்லி அல்லது கிரானி ஸ்மித் போன்ற புளிப்பு ஆப்பிளின் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அளந்துகொண்டே போங்கள். அது கிடைக்காவிட்டால் மாலிக் அமிலப் பொடி வாங்குங்கள், ஆப்பிளில் இயற்கையாகவே இருப்பதும் அதுதான். லிட்டருக்கு 1 கிராம் போட்டு, நன்றாகக் கரைத்து, மறுபடி அளந்துவிட்டு, அப்புறம் அடுத்த கிராம். எலுமிச்சம்பழம் பிழியலாமா என்றால் பிழியலாம், ஆனால் கடைசியில் எலுமிச்சை வாசனைதான் நிற்கும்.

வாயில் எவ்வளவு புளிக்கும் என்பதை பிஎச் சொல்லாது. அதற்கு பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் செய்த அதே டைட்ரேஷன்தான். 10 மில்லி சாற்றில் காய்ச்சி வடித்த நீரையும் சில சொட்டு பினாப்தலீனையும் விட்டு, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, இளஞ்சிவப்பு நிலைத்து நிற்கும்போது நிறுத்துங்கள். செலவான மில்லியை 0.67 ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை கிராம் அமிலம் என்று வந்துவிடும். 5 முதல் 7 வரை இருந்தால் பெரும்பாலோருக்குப் பிடிக்கும். நொதித்த சைடர் என்றால் முதலில் நன்றாகக் குலுக்கி வாயுவை வெளியேற்றுங்கள், இல்லையென்றால் அதுவும் அமிலமாகக் கணக்கில் சேர்ந்துவிடும்.

புளிப்பு அதிகமானால்? கால்சியம் கார்பனேட் லிட்டருக்கு 1 கிராம் போட்டால் அமிலம் சுமார் 1.3 கிராம் குறையும், அதற்கு மேல் போட்டால் சுண்ணாம்பு ருசி வந்துவிடும் என்று எனக்குப் பயம். பொறுமை இருந்தால் வசந்த காலம் வரை அப்படியே விடுங்கள். சூடு ஏறியதும் லாக்டிக் பாக்டீரியா மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றிவிடும். சல்பைட்டை அள்ளிப் போட்டிருந்தால் மட்டும் இது நடக்காது. நடக்கும்போது வாயுவும் கிளம்பும், அதனால் அது அடங்கும்வரை பாட்டிலில் ஊற்றி இறுக்கி மூட வேண்டாம்.