கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸ் எழவில்லையா? வட்டை அழிக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர் வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது உபுண்டு என்ற லினக்ஸ் வகை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அப்டேட் ஆன மறுநாள் திரையில் கறுப்பில் வெள்ளை எழுத்தாக ஏதோ ஓடி நின்றுவிட்டால், பலரும் உடனே பென் டிரைவைத் தேடி எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடக் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கோப்புகள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். நேற்றுவரை ஓடிய கெர்னலும் அதே வட்டில்தான் இருக்கிறது. உபுண்டு டெஸ்க்டாப்பை நிறுவும் ஐஎஸ்ஓ கோப்பு 5 ஜிபிக்கு மேல். ப்ரீபெய்ட் டேட்டாவில் அதை இறக்குவது வீண் செலவு.

முதலில் பழைய கெர்னலில் ஏறுங்கள். கணினி எழும்போது எஸ்கேப்பைத் தட்டினால், எந்தக் கெர்னலில் ஏறுவது என்று தேர்ந்தெடுக்கும் க்ரப் மெனு வரும். பயாஸ் முறையில் எழும் பழைய இயந்திரமானால் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். பதற்றத்தில் எஸ்கேப்பைப் படபடவெனத் தட்டினால் மெனுவைத் தாண்டி 'க்ரப்>' என்ற வெற்று வரியில் விழுவீர்கள். அங்கே 'நார்மல்' என்று அடித்து என்டர் கொடுத்து, உடனே எஸ்கேப்பை ஒரே ஒரு முறை தட்டுங்கள். மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய், எண் குறைந்த கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அது எழுந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

நம் ஊரில் இந்தக் கோளாறுக்கு மின்வெட்டு ஒரு முக்கியக் காரணம். 2023-இல் முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட் ஷெடிங் ஆறாம் கட்டம்வரை போன நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். கெர்னல் ஒரே வீச்சில் நிறுவப்படுவதில்லை. முதலில் கெர்னல் கோப்பு 'பூட்' அடைவுக்கு வரும். அடுத்து, கணினி எழும்போது முதலில் தேவைப்படும் கோப்புகளின் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ் உருவாகும். கடைசியில் க்ரப் பட்டியல் புதுப்பிக்கப்படும். வட்டை அடையாளம் காணத் தேவையான டிரைவர்கள் இனிட்ராம்எஃப்எஸ்ஸில்தான் இருக்கின்றன. அது பாதியில் நின்றால் புதுக் கெர்னல் ஓடத் தொடங்கியும் வட்டைக் காணாமல் தவிக்கும். 'அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ்' என்ற செய்தி பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறது. வட்டு கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருள் கொள்ளாதீர்கள்.

இதைச் சரிசெய்யும் முன், பழைய கெர்னலில் இருந்தபடி டெர்மினலில் 'டிஎஃப் -எச்' கொடுத்து 'பூட்' பகுதியில் இடம் இருக்கிறதா பாருங்கள். வட்டு முழுவதையும் என்க்ரிப்ட் செய்தவர்களுக்கு 'பூட்' தனிப் பகுதியாக இருக்கும். அது சீக்கிரம் நிரம்பும். நிரம்பிய இடத்தில் எத்தனை முறை முயன்றாலும் இனிட்ராம்எஃப்எஸ் பாதியிலேயே நிற்கும். அதற்காக அங்குள்ள கோப்புகளை 'ஆர்எம்' போட்டுக் கையால் அழிப்பது பெரிய தவறு. கோப்பு போனாலும் அந்தக் கெர்னல் இன்னும் இருப்பதாகவே, நிறுவிய பொட்டலங்களைக் கணக்கு வைக்கும் டிபிகேஜி நினைத்துக்கொண்டிருக்கும். 'யுநேம் -ஆர்' கொடுத்து இப்போது ஓடும் கெர்னலைக் குறித்துக்கொண்டு, அதைத் தொடாமல், மிகப் பழையவற்றை மட்டும், பொட்டலங்களை நிறுவவும் நீக்கவும் உதவும் ஏபிடி வழியாக நீக்குங்கள். பிறகு 'சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ', 'சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்', 'சூடோ அப்டேட்-க்ரப்' என்று இதே வரிசையில் கொடுங்கள்.

என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் வெறும் கறுப்புத் திரையைப் பார்த்துக் கணினி எழவே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். லாகின் வரி வந்தால் கெர்னல் நன்றாகவே இருக்கிறது. கிராஃபிக்ஸ் டிரைவர்தான் புதுக் கெர்னலோடு சேரவில்லை. 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கொடுத்தால் எந்தக் கெர்னலுக்கு டிரைவர் உருவாகவில்லை என்று தெரியும். டிரைவரை உருவாக்கத் தேவையான, அந்தக் கெர்னலின் ஹெடர்ஸ் பொட்டலம் இல்லாததே பல நேரம் காரணம்.

வட்டில் பிழை என்று சந்தேகம் வந்தால், ஓடிக்கொண்டிருக்கும் ரூட் பகுதியில், பிழைகளைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே ஓட்டவே ஓட்டாதீர்கள். லைவ் யூஎஸ்பியில் ஏறி, அந்தப் பகுதியை மவுண்ட் செய்யாமல் ஓட்டுங்கள்.

எல்லாம் சரியானதும் புதுக் கெர்னலில் ஒருமுறை ஏறி, வைஃபை, ஒலி, திரை மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். அதுவரை, பழைய கெர்னல்களை நீக்கிவிடக்கூடிய 'ஆட்டோரிமூவ்' பக்கம் போக வேண்டாம். டெஸ்க்டாப்பானால் அடுத்த அப்டேட்டை யூபிஎஸ் இருக்கும்போது போடுங்கள். லேப்டாப்பானால் பேட்டரி நிறைந்திருக்கட்டும்.