செயல்முறை மாடல்களுக்கு ஒரு பொதுக் களஞ்சியம்: தொடங்குவது எப்படி?

கொள்முதல், நிதி, மனிதவளம் மூன்று பிரிவுகளுமே ‘ஒப்புதல் பெறுதல்’ செயல்முறையைத் தனித்தனி மாடலாக (வேலையின் படிகளைக் காட்டும் வரைபடமாக) வரைந்து வைத்திருப்பது பல நிறுவனங்களில் சகஜம். விதி மாறும்போது மூன்றையும் தேடித் திருத்த வேண்டும். ஒன்று கட்டாயம் விட்டுப்போகும். எல்லாக் கோப்புகளையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் இது தீராது; பொதுவான பகுதியை ஒருமுறை வரைந்து எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும் களஞ்சியம் வேண்டும்.

படி 1: ஒரே குறியீட்டு முறை. பிபிஎம்என் 2.0 (செயல்முறைகளை வரைவதற்கான பொதுக் குறியீடுகளின் தொகுப்பு) போதும். ஓஎம்ஜி என்ற தர அமைப்பு 2011-இல் அதை வெளியிட்டது, 2013-இல் அது ஐஎஸ்ஓ தரமானது. கோப்பு எக்ஸ்எம்எல் (எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய உரை வடிவம்) என்பதால் வேறு கருவியிலும் திறக்கலாம். வெறும் படமாகச் சேமித்ததைக் களஞ்சியத்துக்குள் விடாதீர்கள்.

படி 2: அடுக்கும் முறை. துறை வாரியாக அடுக்கத்தான் கை போகும். வேண்டாம். துறைகள் கலையும், இணையும். வேலை அப்படியே இருக்கும். ஏபிக்யூசி அமைப்பின் செயல்முறை வகைப்பாட்டை (நிறுவன வேலைகளைக் கிளை கிளையாக அடுக்கிய பட்டியல்) எடுத்து, தேவையில்லாத கிளைகளை வெட்டிவிடுங்கள்.

படி 3: ஒவ்வொரு மாடலுக்கும் மாறாத அடையாள எண், பொறுப்பாளர், பதிப்பு, நிலை (வரைவா, அங்கீகரித்ததா). வரைபடத்திலுள்ள பெட்டிகளின் பெயரில் செயல் தெரியட்டும்: ‘இன்வாய்ஸ்’ அல்ல, ‘இன்வாய்ஸைச் சரிபார்’.

படி 4: துண்டாக்குதல். மறுபயன்பாடு நிஜமாக நடக்கும் இடம் இதுதான், அவசரப்படாதீர்கள். பல மாடல்களில் திரும்பத் திரும்ப வரும் பகுதியைத் தனி மாடலாகப் பிரித்து, மற்றவற்றிலிருந்து ‘கால் ஆக்டிவிட்டி’ மூலம் அழையுங்கள் (தடித்த கோடு போட்ட பெட்டி அது). உள்ளே என்ன தகவல் போகிறது, வெளியே என்ன வருகிறது என்று எழுதிவையுங்கள். அது இல்லாத துண்டை யாரும் நம்பி எடுக்க மாட்டார்கள். ஒரு மாடல் 50 உறுப்புகளை (பெட்டி, நிபந்தனை போன்றவை) தாண்டினால் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது.

பிரிவுக்குப் பிரிவு தொகை வரம்பு மட்டும் வேறுபடுகிறதா? அந்த விதியை டிஎம்என் (முடிவு விதிகளை எழுதுவதற்கான தரம்) முடிவு அட்டவணைக்கு மாற்றுங்கள், மாடல் ஒன்றே போதும். படிகளின் வரிசையே வேறா? அப்போது தனி மாடலாகவே இருக்கட்டும். வலிந்து ஒன்றாக்கினால் வரைபடம் முழுக்க நிபந்தனைகள்தான் மிஞ்சும்.

படி 5: மாற்றத்துக்கு முன் தேடல். பொதுத் துண்டில் கைவைக்கும் முன், அதன் அடையாள எண்ணைக் கோப்புகள் அனைத்திலும் தேடுங்கள். அதை அழைக்கும் மாடல்களின் பட்டியல் கிடைக்கும். அவற்றின் பொறுப்பாளர்கள் பார்த்த பிறகே புதிய பதிப்பை வெளியிடுங்கள். கிட் (Git) போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி ஏற்கெனவே இருந்தால் தொடக்கத்துக்கு அதுவே போதும்; விலை கொடுத்துத் தனி மென்பொருள் வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம்.