லூயி என்னும் பெயரைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரெஞ்சு மன்னர் பலர் தாங்கிய லூயி என்னும் பெயர் இலத்தீனில் ஒளியைக் குறிக்கும் 'லூக்ஸ்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்பதே இப்பெயரைப் பற்றி அடிக்கடி எழுதப்படும் பிழை. பிரான்சுக்கு அப்பெயரைத் தந்த பிராங்கியரின் ஜெர்மானிய மொழியில் அது 'ஹ்லுதோவிக்'. புகழையும் போரையும் குறிக்கும் இரு சொற்களின் கூட்டு. லூயி என்பதன் இலத்தீன் வடிவங்களில் ஒன்றான அலோசியஸ் என்னும் பெயருடைய புனிதரை நம் கத்தோலிக்கர் ஞானப்பிரகாசியார் என வழங்குவதால், ஒளி பற்றிய அந்த ஊகம் தமிழில் இன்னும் எளிதாகப் பற்றிக்கொள்கிறது.

அந்தப் புனிதரைச் சார்ந்தே இன்னொரு குழப்பமும் எழுகிறது. 1591இல் இறந்த இத்தாலியத் துறவியான அவரையும் பிரெஞ்சுக்காரர்கள் லூயி என்றே அழைக்கின்றனர். அவருடைய திருநாள் ஜூன் 21. ஆகஸ்ட் 25ஆம் நாளுக்குரிய புனித லூயியோ 1270இல் தூனிசில் இறந்து, 1297இல் புனிதராக அறிவிக்கப்பட்ட ஒன்பதாம் லூயி மன்னர். இருவரையும் ஒருவராக்கிவிடக் கூடாது.

பிராங்கியரை ஆண்ட பழைய மெரோவிங்கிய மரபின் மன்னர்கள் தாங்கிய குளோவிஸ் என்னும் பெயர் வேறு, லூயி வேறு என்று கொள்வது இவற்றைவிடப் பெரிய தவறு. தொடக்கத்திலிருந்த கரகரத்த ஒலி ஓரிடத்தில் ககரமாக நிலைத்தது, மற்றோரிடத்தில் மறைந்தது, பெயர் ஒன்றுதான். இதைக் காணத் தவறினால் அதன் அரசியலும் புலப்படாது. 751இல் பெப்பின் அந்த மெரோவிங்கிய மரபின் கடைசி மன்னரை அகற்றி அரியணை ஏறினார். அவருடைய மகன் சார்லமேன், 778இல் தமக்குப் பிறந்த இரட்டையருக்குத் தம் குலப் பெயர்களை விட்டுவிட்டு, லூயி, லோத்தேர் என அந்தப் பழைய மரபின் புகழ்பெற்ற பெயர்களையே சூட்டினார். பறித்த அரியணைக்குப் பெயரால் தேடிய உரிமை என்றே இதைக் கொள்ள வேண்டும். லோத்தேர் குழந்தையிலேயே இறக்க, பிழைத்த லூயியே பின்னர் பேரரசரானார். பிரெஞ்சு லூயி மன்னர்களின் வரிசை எண் அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. குளோவிஸ்கள் அக்கணக்கில் இல்லை.

எண்ணைக் கண்டு ஆட்சியை ஊகிப்பதும் சரியன்று. பதினேழாம் லூயி ஒருநாளும் ஆளவில்லை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1795இல் பாரிசின் தாம்ப்ள் சிறையில் பத்து வயதில் இறந்த சிறுவர் அவர். அரச ஆதரவாளர்கள் அவரையும் மன்னராகக் கணக்கிட்டதால், 1814இல் முடியாட்சி மீண்டபோது அரியணை ஏறிய அவருடைய சிற்றப்பா பதினெட்டாம் லூயி ஆனார். அச்சிறுவரின் தந்தை பதினாறாம் லூயியை, 1792 டிசம்பரில், புரட்சியாளர்கள் 'லூயி காப்பே' என்று சாதாரணக் குடிமகனைப் போலக் குறிப்பிட்டு விசாரணைக்கு அழைத்தனர். காப்பே என்பது தம் பெயரன்று, தம் முன்னோர் ஒருவரின் பெயர் என அவர் மறுத்தார். வரலாற்றுப்படி அவர் சொன்னது சரியே என்றாலும், அதனால் அவர் தலை தப்பவில்லை.

இப்பெயர் தாங்கிய எல்லாவற்றையும் பதினான்காம் லூயியின் கணக்கில் எழுதுவோரும் உண்டு. 1682இல் பெயரிடப்பட்ட வட அமெரிக்காவின் லூயிசியானா அவருக்குரியதுதான். ஆனால் 1764இல் நிறுவப்பட்ட அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரின் பெயர் ஒன்பதாம் லூயியைக் குறிக்கிறது. லூயிதோர் என்னும் பொற்காசை 1640இல் முதலில் வெளியிட்டவர் பதின்மூன்றாம் லூயி.

உச்சரிப்பைப் பொறுத்தவரை, பிரெஞ்சில் இந்த ஆண்பெயரின் இறுதி 'ஸ்' ஒலிப்பதில்லை. பிரெஞ்சுக்காரரைக் குறிக்கும்போது லூயி என்று எழுதுவதே பொருத்தம். லூயிஸ் என்றால், பிரெஞ்சு வாசகருக்கு அது லூயீஸ் என்னும் பெண்பெயராகவே கேட்கும்.