ரயில் பிடிக்கும் என்பது தலைப்பு ஆகாது

சேலத்தில் புவியியல் படித்து, ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடுகிற மாணவர்களில் ஆண்டுக்கு ஒருவராவது, "ரயிலைப் பத்திப் பண்ணலாம்னு இருக்கேன் சார்" என்று வந்து நிற்பார். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஜோலார்பேட்டை, ஈரோடு, ஓமலூர், விருத்தாசலம், நாமக்கல் என்று ஐந்து பக்கமும் தடம் பிரிகிற ஊர் இது. 2007 நவம்பர் 1 முதல் தனி ரயில்வே கோட்டத்தின் தலைமையிடம். வகுப்பில் பாதிப் பேருக்குச் சித்தப்பாவோ மாமாவோ ரயில்வேயில் இருப்பார். ஆசை வருவது இயல்புதான். ஆனால் அந்த ஆசையையே தலைப்பு என்று நினைத்துக்கொண்டால் நான்கு மாதம் கழித்துத்தான் வலி தெரியும்.

எனக்குத் தெரிந்தது. எம்.ஏ. படிக்கும்போது நான் எழுதிக்கொண்டு போன முதல் தலைப்பு, "தமிழ்நாட்டில் ரயில் போக்குவரத்தும் பொருளாதார வளர்ச்சியும்". என் நெறியாளர் தாளை மடித்துக் கையில் கொடுத்து, "இதை முடிக்க எத்தனை பிறவி எடுத்து வரப் போறே?" என்று கேட்டார். அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது அதே தாளை மாணவர்கள் என்னிடம் நீட்டுகிறார்கள்.

பெரிய தலைப்பு தப்பு என்பது எல்லோருக்கும் சீக்கிரம் புரிந்துவிடும். சின்னதாக்கச் சொன்னால் சின்னதாக்கிவிடுவார்கள். அதற்கு அப்புறம் வருகிற தவறுதான் கண்ணில் படாது. "சேலம் ஜங்ஷனில் பயணிகளின் மனநிறைவு: ஒரு புவியியல் ஆய்வு" என்று கொண்டு வருவார்கள். குடிநீர் வருகிறதா, கழிப்பறை சுத்தமா, அறிவிப்பு காதில் விழுகிறதா என்று முப்பது கேள்வி. நான் செய்வது ஒன்றுதான். "சேலம்" என்ற சொல்லை அடித்துவிட்டு "மதுரை" என்று எழுதிக் கொடுப்பேன். ஒரு கேள்வியையாவது மாற்ற வேண்டியிருக்கிறதா? இல்லை. அப்படியானால் அது மேலாண்மைத் துறை மாணவர் செய்ய வேண்டிய வேலை. வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் "இதில் புவியியல் எங்கே இருக்கு?" என்று கேட்டால் பதில் இருக்காது.

ஊரை மாற்றினால் உடைந்துபோகிற கேள்வியே நமக்கு வேண்டும். சேலத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. 1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து கேரளக் கரையிலுள்ள பேய்ப்பூரை நோக்கி வந்த தடம், ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையைக் குடையவில்லை. பொம்மிடி, லோகூர், டேனிஷ்பேட்டை என்று மலைக்கு வடக்கே சுற்றி, மேற்கு அடிவாரத்தோடு இறங்கி வந்தது. அப்படி வந்த தடம் திருமணிமுத்தாற்றங்கரையில் இருந்த பழைய ஊருக்குள் நுழையாமல் மேற்கே சூரமங்கலத்தில் நின்றது. ஜங்ஷன் இன்றும் அங்கேதான். விருத்தாசலம் போகிற தடம்தான் ஊருக்குள் புகுந்து, டவுன் என்றும் மார்க்கெட் என்றும் இரண்டு நிலையங்களைக் கொடுத்தது. ஆக ஒரே ஊருக்கு மூன்று நிலையம், மூன்று விதமான பயணிகள். ஜங்ஷன் இருந்ததால் சூரமங்கலம் எந்தத் திசையில் எப்படி விரிந்தது? டவுனில் இறங்குகிறவர் ஏன் ஜங்ஷன் வரை போவதில்லை? இந்தக் கேள்விகளை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

இன்னொரு சின்ன விஷயமும் இதோடு ஒட்டியது. வினாத்தாளில் "எந்த ரயில் நிலையத்தைப் பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேட்டுப் பக்கத்தில் கோடு போட்டு விட்டால், பத்துக்கு எட்டு பேர் "சேலம்" என்றுதான் எழுதுவார்கள். எந்தச் சேலம் என்று பிறகு யாரைப் போய்க் கேட்பது?

பெயரை நம்பி மோசம் போனவர்களும் உண்டு. ஏற்காட்டுச் சுற்றுலாவுக்கு ரயில் எவ்வளவு உதவுகிறது என்று தலைப்பு எடுத்த ஒரு மாணவர், சினாப்சிஸில், அதாவது ஆய்வுச் சுருக்கத்தில், ஏற்காடு எக்ஸ்பிரஸை முக்கியச் சான்றாகக் காட்டியிருந்தார். அது சென்னைக்கும் ஈரோட்டுக்கும் இடையே இரவில் ஓடுகிற வண்டி. ஏற்காட்டுக்குத் தண்டவாளமே கிடையாது. அந்த வண்டியில் வந்து சேலத்தில் இறங்குகிறவர்களில் எத்தனை பேர் மலை ஏறுகிறார்கள் என்பது விடியற்காலையில் வாசலில் நின்று கேட்டால்தான் தெரியும். பலகையில் இருக்கிற பெயர் சொல்லாது.

அந்தத் தலைப்புக்கு வேறொரு சிக்கலும் இருந்தது. நான்காம் செமஸ்டர் ஆய்வேட்டை ஏப்ரலில் கொடுக்க வேண்டும். ஏற்காட்டில் கூட்டம் பொங்குவதோ மே மாதம், கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும்போது. ஜனவரியில் களப்பணிக்குப் போனால் தோட்டங்களில் காபிப் பழம் பறிப்பதைப் பார்க்கலாம், சுற்றுலாக் கூட்டத்தைப் பார்க்க முடியாது. பொங்கல் விடுமுறையில் போய் எண்ணினால் அது இன்னும் மோசம். அந்த நான்கு நாளை வைத்து ஆண்டு முழுவதையும் சொல்ல முடியாது. தலைப்பை முடிவு செய்யுமுன் காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்க நினைப்பது நீங்கள் போகிற மாதத்தில் நடக்கிறதா?

சரி, புள்ளிவிவரத்துக்கு வருவோம். ஆய்வேடுகள் அதிகம் படுத்துவிடுவது இங்கேதான். "ரயில்வேல கேட்டா தருவாங்க சார்" என்பார்கள். தரலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது விதி. விண்ணப்பியுங்கள். ஆனால் அந்தப் பதில் வந்தால்தான் மூன்றாம் இயலை எழுத முடியும் என்ற நிலையில் தலைப்பை வைக்காதீர்கள்.

தரவு கையில் வந்த பிறகும் அது எதை எண்ணியது என்று பார்க்க வேண்டும். ஒரு நிலையத்தில் விற்ற டிக்கெட்டும் அந்த நிலையத்தில் ஏறிய ஆளும் ஒன்றல்ல. காலையில் ஊரிலேயே போக வரச் சேர்த்து டிக்கெட் எடுத்தவர் மாலையில் சேலத்தில் ஏறும்போது சேலம் கவுண்டர் கணக்கில் இருக்க மாட்டார். செல்போன் செயலியில் எடுத்தவரும் அந்தக் கவுண்டரில் நின்றிருக்க மாட்டார். சீசன் டிக்கெட்காரர் ஒரு முறை பணம் கட்டி மாதம் முழுக்கப் போய்வருவார். இதையெல்லாம் யோசிக்காமல் டிக்கெட் எண்ணிக்கையை "பயணிகள்" என்று தலைப்பிட்டு வரைபடம் போட்டால், அழகான வண்ணத்தில் ஒரு தப்பு கிடைக்கும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இதே கதைதான். 2011 கணக்கெடுப்பில் வேலைக்கு எந்த வாகனத்தில், எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று ஓர் அட்டவணை உண்டு. ரயிலுக்கும் அதில் இடம் இருக்கிறது. மாணவர்கள் புதையல் கிடைத்த மாதிரி அதை எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். ஆனால் அது விவசாயிகள், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்பவர்கள் நீங்கலாக மற்றத் தொழிலாளர்களை மட்டும் எண்ணியது. கல்லூரிக்கு ரயிலில் வருகிற பிள்ளைகள் அதில் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இல்லை. சந்தைக்கு வருகிறவர்கள் இல்லை. அடுத்த கணக்கெடுப்பு 2021-ல் நடக்காமல் தள்ளிப்போனதால் ஒப்பிடப் புது எண்ணும் கையில் இல்லை. கட்டணத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகளை எக்ஸ்பிரஸ் கட்டணத்தில் ஓட்டினார்கள். 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ஆகி, 2024-ல்தான் திரும்ப 10-க்கு இறங்கியது. இது தெரியாமல் "ஐந்து ஆண்டுகளில் உங்கள் பயணம் கூடியதா குறைந்ததா?" என்று கேட்டால், பதிலை எப்படிப் படிப்பது என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

ரயில் வந்ததால் ஊர் வளர்ந்தது என்று தொடங்குகிற ஆய்வேடுகளுக்கு என்னிடம் ஒரே மருந்துதான், நாமக்கல். சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் போகிற தடம் 2013-ல்தான் திறந்தது. அதுவரை நாமக்கல்லுக்கு ரயிலே கிடையாது. முட்டை, கோழி, லாரி, பாடி கட்டும் பட்டறை என்று நாடு முழுக்கப் பெயர் வாங்கியது தண்டவாளம் இல்லாத காலத்தில்தான். இந்தப் பக்கம் சங்ககிரியில் நூற்றாண்டுக்கு மேலாக ரயில் நிலையம் இருக்கிறது. அந்த ஊரும் லாரிக்குத்தான் பேர்போனது. இதனால் ரயிலால் பயனில்லை என்று ஆகிவிடாது. 2013-க்கு முன்னும் பின்னும் என்று இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் முழுவதையும் ரயில் தலையில் கட்டக் கூடாது. இடையில் சாலை அகலமாகியிருக்கும், புதுக் கல்லூரி வந்திருக்கும். நாமக்கல்லைச் செய்ய ஆசையா? நிலத்தின் விலை, கல்லூரி மாணவர் வரவு, நிலையத்தைச் சுற்றிப் புதிதாக வந்த கட்டடங்கள் என்று ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்து, தடத்துக்குப் பக்கத்திலும் தள்ளியும் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பழைய செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

க்யூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருளைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் வருகிற தவறு தனி வகை. எல்லா நிலையத்தையும் சுற்றி 5 கிலோமீட்டரில் ஒரு வட்டம் போட்டு, "இதுதான் சேவைப் பகுதி" என்று சொல்லிவிடுவது. விருத்தாசலம் தடத்தில் சமவெளியில் அது ஓரளவு தாங்கும். லோகூரில் அதே வட்டத்தைப் போட்டால் மலைச் சரிவு உள்ளே வந்துவிடும். தலைக்கு மேலே தெரிகிற சரிவில் இருப்பவர் நிலையத்துக்கு நேர்கோட்டில் உருண்டா வருவார்? டேனிஷ்பேட்டையும் வரைபடத்தில் ஏற்காட்டுக்குப் பக்கம்போலத் தெரியும். பஸ்ஸில் போகிறவர் சேலத்துக்கு வந்து, அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் போவார். வட்டத்தை விட்டுவிட்டுச் சாலை வழியாகத் தூரத்தை அளங்கள். முடிந்தால் தூரத்தையும் விட்டு நேரத்தை அளங்கள். டோபோஷீட் என்கிற நிலவரைபடத் தாளை வாங்கும்போது ஒன்று மட்டும் ஏமாறாதீர்கள். சேலம் நகரம் 58 ஐ/2 என்ற எண்ணுள்ள தாளில் இருக்கிறது, ஏற்காடு 58 ஐ/1-ல். இரண்டும் இல்லாமல் அடிவாரத்தை முழுசாகப் பார்க்க முடியாது.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ப்ளாட்ஃபாரம் டிக்கெட் எடுத்தால் உள்ளே நிற்கலாம். வினாத்தாளோடு ஆள் ஆளாகப் போய்க் கேட்க அது போதாது. துறைத் தலைவர் கடிதத்தோடு கோட்ட அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதுங்கள். ஜிபிஎஸ் புள்ளி எடுக்கிறேன் என்று தண்டவாளத்தில் நடக்கவே வேண்டாம். அது ரயில்வே சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

கடைசியாக, ப்ளாட்ஃபாரத்தில் மட்டும் நின்று கேட்பது. அங்கே இருக்கிற எல்லோரும் ரயிலைத் தேர்ந்துகொண்டவர்கள். "ஏன் ரயிலில் போவதில்லை?" என்று கேட்க வேண்டிய ஆள் ஆத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஊருக்குள் வருகிற பெண்ணுக்கு 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமே இல்லை. நாளுக்குச் சில முறை மட்டும் வருகிற பாசஞ்சருக்காக அவர் ஏன் காத்திருக்கப் போகிறார்? ரயிலைப் பற்றிய ஆய்வேட்டில் பாதி நாள் பஸ் ஸ்டாண்டில் கழிய வேண்டும்.

இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு மாணவி மூன்று தலைப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு முகம் வாடி வந்தார். "தலைப்பை விடும்மா. விருத்தாசலத்திலிருந்து வருகிற வண்டிக்கு டவுன் ஸ்டேஷன் வாசல்ல வெளியே நில்லு. இறங்கி வர்றவங்க எதுல ஏறிப் போறாங்கன்னு மட்டும் கோடு போடு" என்றேன். பஸ், ஷேர் ஆட்டோ, நடை, மற்றவை என்று நான்கு பத்தி வரைந்துகொண்டு போனார். மறுநாள் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். ஐந்தைந்தாகக் குறுக்கே வெட்டிய கோடுகள். "மற்றவை" பத்தி கீழே இடமில்லாமல் ஓரத்தில் ஏறி, பின்பக்கத்துக்கும் போயிருந்தது.

"யாரும்மா இவ்வளவு பேரு?"

"கூட்டிட்டுப் போக வீட்ல இருந்து வண்டி வந்திருக்கு சார். பையன், தம்பி, வீட்டுக்காரர். வெளியே வண்டியை ஆஃப் பண்ணாம நிக்கிறாங்க. யாரும் வராதவங்கதான் ஆட்டோகிட்டப் போறாங்க. அதுலயும் வயசானவங்க நிறைய."

நோட்டில் ஐந்தாவது பத்தி ஒன்றைக் கோடு கிழித்து, மேலே "வீட்டு வண்டி" என்று எழுதினார். அப்புறம் பேனாவை மூடாமலே, "சார், இவங்க எந்தெந்த ஏரியால இருந்து வர்றாங்கன்னும் கேக்கலாமா?" என்றார்.